கோணல் தொழிற்சாலை

அக்டோபர் 4, சனி

மறுபடியும் அதே வாக்குவாதம். கேமில் எங்கள் தொழிற்சாலை சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடக்கிறது. இரும்புத் தாது ஒரு பக்கம் வருகிறது, செம்பு அதற்குக் குறுக்கே போகிறது. எந்த பெல்ட் எதை எங்கே கொண்டுபோகிறது என்று போட்ட எங்களுக்கே தெரியவில்லை. இதை விட்டுவிட்டுப் புதிய உலகம் ஒன்றைத் தொடங்கி, முதலிலிருந்தே ஒழுங்காகக் கட்டலாம் என்றேன். சஹானா மாட்டேன் என்கிறாள். கோணலோ நேரோ, ராக்கெட்டை ஏற்றினால் ஆட்டம் முடிந்தது. இருப்பதையே தட்டிக்கொட்டி ஓட்டுவோம் என்பது அவள் கட்சி. நவம்பர் கடைசியில் அவளுக்கு நாக்பூருக்கு மாற்றல். அதற்குள் ஏற்ற வேண்டுமாம்.

இரண்டு வருடமாகக் கராடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். சனிக்கிழமையானால் சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப். கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு இந்த ஊரில் வேறு சிநேகிதம் இல்லை. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

அக்டோபர் 5, ஞாயிறு

சஹானா போபோடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். துணி துவைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

அவளுக்கு ஆபீஸில் நேரமாகிறது. தனியாக ஒரு புதிய உலகம் தொடங்கினேன். சும்மா, எப்படி வருகிறது என்று பார்க்கத்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

சும்மா என்று எழுதியது பொய். தினமும் ஆடுகிறேன். பாத்திரக் கடையில் அடுக்கிய டம்ளர் மாதிரி எல்லாம் வரிசையாக நிற்கிறது. சனிக்கிழமை அவளிடம் காட்டுவேன். பார்த்தால் அசந்துபோவாள், பழையதைத் தானே விட்டுவிடுவாள்.

நல்லவேளை, அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. இந்த டைரி மேசைமேலேயே கிடக்கலாம்.

அக்டோபர் 18, சனி

காட்டினேன். அசரவில்லை. எப்போது கட்டினாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"நீ இல்லாதப்போ நான் ஒரு பெல்ட்கூட போட்டதில்ல ப்ரியா. அகேலே, தனியா ஆடணும்னா எனக்கு வேற கேம் இருக்கு."

லேப்டாப்பை மூடிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

நான் என்ன தப்பு செய்தேன்? ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே கட்டினேன் — இல்லை. எனக்குத்தான் கட்டிக்கிட்டேன். அவ போறதுக்குள்ள நான் சொன்னதுதான் சரின்னு ஆகணும். அதுக்குத்தானே இவ்வளவும்?

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்து வந்தாள். முறுக்கு மாதிரி சக்லியும் அவல் மிக்சர் மாதிரி சிவ்டாவும் டப்பாவோடு மேசையில் வைத்தாள். அம்மா கொடுத்தாங்களாம். கேமைப் பற்றிப் பேச்சே இல்லை. சனிக்கிழமை வேலை இருக்கிறதாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

என் புதிய உலகத்தை அழித்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழையதைத் திறந்து, அவள் போபோடியிலிருந்து திரும்புவதற்குள் ஒரு மூலையையாவது சீராக்கி வைக்கலாமென்று, ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்த ஒரு பெல்ட்டைப் பிடுங்கினேன். அதுதான் கொதிகலன்களுக்கு நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட். கொதிகலன்கள் அணைந்தன, கரண்ட் போனது. கரண்டில் ஓடும் நிலக்கரி வெட்டும் மெஷின்களும் நின்றன. கரி வரக் கரண்ட் வேண்டும், கரண்ட் வரக் கரி வேண்டும். பெல்ட்டைத் திருப்பிப் போட்டேன், அதில் ஏற்றக் கரி இல்லை. கையால் வெட்டிப் போட்டும் பார்த்தேன். ஒரு கொதிகலனை நிரப்பி அடுத்ததற்கு எடுத்து வருவதற்குள் முதலாவது அணைந்துவிடுகிறது. ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அக்டோபர் 27, திங்கள்

சொல்லிவிட்டேன். நீ இல்லாமல் மறுபடியும் தொட்டேன், எல்லாம் இருண்டு போச்சு என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ வெட்டு. நான் கொண்டுபோய்ப் போடறேன்."

வெட்டினேன். அவள் ஓடி ஓடிக் கொட்டினாள். கடைசிக் கொதிகலனும் நிரம்பியபோது விளக்குகள் வந்தன, மெஷின்கள் நகர்ந்தன. இரண்டு பேரும் சிரித்தோம். பாக்கி சிவ்டாவும் காலி. எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

கோணல் அப்படியேதான் இருக்கிறது. ராக்கெட்டுக்கு வேண்டியதில் பாதி சேர்ந்துவிட்டது. எதையும் நான் நேராக்கவில்லை. கை அரிக்கிறது.

நவம்பர் 29, சனி

நாளை கிளம்புகிறாள். ராக்கெட் முடியவில்லை. கேம் ஆடாமல் பெட்டி கட்டினோம். அழுதேன். அவளுக்குத் தெரியாமல் எல்லாம் இல்லை, அவள் முன்னால்தான்.

டிசம்பர் 6, சனி

நாக்பூரில் அவளுக்கு இன்னும் நெட் வரவில்லை. நான் கேமைத் திறக்கவில்லை.

டிசம்பர் 13, சனி

நெட் வந்துவிட்டது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆடினோம். சாயங்காலம் கடைசி பாகமும் சேர்ந்தது. ஏவும் பொத்தான் பச்சையானது. அழுத்தினால் ஆட்டம் முடிந்தது.

நான் அழுத்தவில்லை. அவளும் அழுத்தவில்லை.

"ப்ரியா, இந்த இரும்பு லைன் பார்க்கவே சகிக்கல. எல்லாத்தையும் இடிச்சுட்டு நேரா கட்டிட்டு, அப்புறம் ஏத்தலாமா?"

எத்தனை வாரமாகும் என்று கேட்டேன். மார்ச் வரைக்கும் இழுக்கும் என்றாள்.

முதல் பெல்ட்டை நான்தான் பிடுங்கினேன்.