விலை கேட்கும் சாக்கில்

மாமி,

உயிரோடு இல்லாதவர்களுக்கு எழுதுவது கிறுக்குத்தனம் என்று தெரியும். மன்னிக்க வேண்டும். இன்று கருங்கல் சந்தையில் அப்பா சாளை மீனுக்கு விலை கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்குவதற்காகக் கேட்கவில்லை. மீன் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "என்ன வெல?" என்றார். பதிலைக் கவனிக்காமல், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை ஊதிக்கொண்டிருந்தார். மீன்காரி விடவில்லை. "ஓய், நேத்தைக்கும் வெலதான் கேட்டீரு. வெலயக் கேட்டே வயித்த நெறைப்பீரோ?"

நீங்களும் இப்படித்தானே. மரச்சீனிக்கிழங்கு விற்பவர், வளையல் கடைக்காரர், ஒருவரை விடாமல் விலை கேட்டு நிற்பீர்கள். பள்ளிக்கூடப் பையோடு நான் வெட்கப்பட்டுப் பின்னால் நிற்பேன். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "மூச்சு வாங்குதுன்னு நின்னா எரக்கப்படுவாவ மக்ளே. வெல கேட்டு நின்னா ஏசுவாவ. எனக்கு ஏச்சு போதும்" என்று சிரித்தீர்கள்.

நீங்களும் அப்பாவும், அக்காவும் தம்பியுமாக, அண்டியாபீசில் முந்திரி வறுத்த புகையைத்தான் வருடக்கணக்கில் குடித்தீர்கள்.

நீங்கள் விழுந்த அன்று மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஏற்றத்தில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். நடந்தபடியே பதில் சொல்லத் திரும்பினீர்கள். இருந்த கொஞ்ச மூச்சும் பேச்சுக்குப் போய்விட்டது. காலுக்கு மிஞ்சவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பிறகு எழவே இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். முடியவில்லை. நுரையீரல் கெட்டால் காலும் பலம் இழக்கும், நிதானம் தவறும், கம்பு ஊன்றியே ஆகவேண்டும் என்றார்கள். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எல்லாம் புரிகிறது, எடுத்துச் சொல்லத்தான் வாய் வருவதில்லை. ஒரே ஒருமுறை சொன்னேன். "ஏட்டி, நான் கம்பூணிட்டு நின்னா உன்னப் பொண்ணு பாக்க வாறவன் என்ன நெனைப்பான்?" என்றார்.

வேலை முடிந்து வந்ததும் மாலையில் அவருக்குப் பின்னால் நடக்கிறேன். விழுந்தால் பிடிக்கலாம் என்றுதான். அவருடைய குதிகாலையே பார்த்து நடந்து களைத்துவிட்டேன் மாமி.

இன்று மீன் மேடையை விட்டு நகர்ந்தபோது தடுமாறினார். என் கை நீண்டது. தொடுவதற்குள் அவரே சமாளித்துக்கொண்டார், நானும் கையை மடக்கிக்கொண்டேன். வளர்ந்த பிறகு நான் அப்பாவைத் தொட்டதே இல்லை.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் உங்கள் சொல்லைத்தான் கேட்பார். கனவிலாவது வாருங்கள். கம்பு வேண்டாமென்றால் வேண்டாம், என் தோளைப் பிடித்து நடக்கச் சொல்லுங்கள்.