சிமோனின் கட்டில் எந்தப் பள்ளி மாவட்டத்தில் கிடக்கிறது என்பது பற்றி

அனுப்புநர்:
வெர்னெட்டா பெட்டிஃபோர்ட்,
118, ஆல்டர் தெரு,
கார்வர்டன் (பின்னறை மட்டும் பிராண்ட்வெல்),
ஒஹாயோ.

பெறுநர்:
வசிப்பிட மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
மாநிலக் கல்வித் துறை,
கொலம்பஸ்.

பொருள்: எட்டாம் வகுப்பு மாணவியான என் மகள் சிமோன், அவளுடைய கட்டில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போன காரணத்தால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது – மீண்டும் சேர்க்கக் கோருதல் – மற்றும் வேறொரு கோரிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக வேலை செய்கிறேன். வலியில் கத்துகிறவர்களிடம் நாள் முழுதும் பணிவாகப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள். அதே பணிவோடுதான் இந்த மனுவையும் தொடங்குகிறேன். இடையில் எங்கேனும் குரல் உயர்ந்தால், அது தங்கள் மீதுள்ள கோபம் அல்ல என்று கொள்ளவும்.

1. கார்வர்டன் நகரப் பள்ளி மாவட்டத்தையும் பிராண்ட்வெல் பள்ளி மாவட்டத்தையும் பிரிக்கும் கோடு எங்கள் வீட்டுக்குள் போகிறது. ஒரு காலத்தில் அங்கே ஓடை இருந்ததாம். அதை எல்லையாக வைத்தார்கள். பிறகு ஓடையைக் குழாய்க்குள் அடைத்து மேலே வீடுகளைக் கட்டினார்கள். கோட்டை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். எங்கள் சமையலறையும் தெருப்பக்க அறையும் கார்வர்டன். நடைக்கூடத்தின் நடுவே கோடு; அதைத் தாண்டினால் பின்னறை பிராண்ட்வெல். வீட்டு வரியை மட்டும் இரண்டு மாவட்டங்களும் ஆளுக்குப் பாதியாகத் தவறாமல் வாங்கிக்கொள்கின்றன. அப்போது யாரும் வந்து எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டதில்லை.

2. சிமோன் பின்னறையில் தூங்கினாள். முதல் வகுப்பிலிருந்து பிராண்ட்வெல்லில் படித்தாள். என் கணவர் ரோலண்ட் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை செய்கிறார். பகலில்தான் தூங்க வேண்டும். அவர் படுத்திருந்த தெருப்பக்க அறையிலோ பனி வாரும் வண்டி, குப்பை வண்டி, அடுத்த வீட்டு நாய் என்று ஒன்று மாற்றி ஒன்று. நவம்பரில் ஒருநாள் பளுதூக்கும் வண்டியை ஓட்டும்போதே கண் சொருகிச் சுவரில் கொண்டுபோய் மோதினார். ஆண்டவன் புண்ணியத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வார இறுதியிலேயே அறைகளை மாற்றிக்கொண்டோம். அவர் அமைதியான பின்னறைக்குப் போனார். சிமோன் தெருப்பக்கம் வந்தாள். கட்டிலை நகர்த்தும்போது பள்ளி எல்லையை நினைத்துப் பார்க்கிறவர் யார் ஐயா?

3. டிசம்பரில் ஒரு காலை, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அளவு நாடாவுமாக ஒருவர் வந்தார். எங்கள் தெருவில் பழைய ஈயக் குழாய்களை மாற்றப் போவதாக நகராட்சி சொல்லியிருந்தது. அந்த ஆள்தான் என்று நினைத்து, "வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருக்கோம்" என்று உள்ளே அழைத்தேன். பாவம், அவரை இந்த வேலையில் யாரும் அப்படி வரவேற்றதில்லை போலிருக்கிறது, திருதிருவென்று விழித்தார். "உங்க பொண்ணு எந்த ரூம்ல தூங்குது?" என்று கேட்டார். ஈயம் பிள்ளைகளுக்குத்தான் அதிகக் கெடுதல் என்று சொல்வார்களே, எவ்வளவு அக்கறை என்று மெச்சி, நானே கதவைத் திறந்து காட்டினேன். காப்பி கொடுத்தேன். சோள ரொட்டியும் கொடுத்தேன்; இரண்டு துண்டு சாப்பிட்டார். கட்டில் கால் முதல் நடைக்கூடம் வரை அளந்து முடித்து, வாசலில் நின்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. நான் தண்ணிக் குழாய் ஆளு இல்ல. பிராண்ட்வெல் ஸ்கூல்லேர்ந்து வர்றேன்." அவர் பெயர் ஹென்ஷா, ஓய்வுபெற்ற காவலர். யாரோ தொலைபேசியில் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

4. மாணவர் இரவில் எங்கே தலைசாய்க்கிறாரோ அதுவே அவருடைய வசிப்பிடம், அந்த மாவட்டப் பள்ளியில்தான் அவருக்கு இடம் என்பது பிராண்ட்வெல் விதி. அதன்படி சிமோன் நீக்கப்பட்டாள். கடிதம் எங்கள் கைக்கு வருமுன் பள்ளிப் பேருந்துக்கு உத்தரவு போய்விட்டது. ஜனவரியில் விடுமுறை முடிந்த முதல் நாள், மற்ற பிள்ளைகளெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் அம்மாள் இவளை மட்டும் படியில் நிறுத்திவிட்டார். "கண்ணு, உன்னை ஏத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கடா. எனக்கே மனசு கேக்கல" என்றாராம். என் மகள் வீட்டுக்குத் திரும்பி, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் மத்தியானம் வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

5. சிமோனுக்குக் கணக்கு என்றால் உயிர். மாநில அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு ஏப்ரலில் வருகிறது. அதில் பாதிக்கு மேல் அல்ஜீப்ரா. பிராண்ட்வெல்லில் பாடம் பாதி நடந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. இப்போது அவள் போகும் கார்வர்டன் நடுநிலைப் பள்ளியில் அல்ஜீப்ரா ஆசிரியர் செப்டம்பரிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டார். இங்கே தரும் சம்பளத்துக்கு இன்னொருவர் வரவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் திரு. லாம்பெர்ட்டி வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். நான் நேரில் போய்க் கேட்டதற்கு, "அம்மா, உங்ககிட்ட எதுக்கு ஒளிக்கணும்? எனக்குப் பின்னம் வந்தாலே வேர்த்துக் கொட்டுது. சத்தம் போடாம உக்காந்திருக்காங்க, அதுவரைக்கும்தான் நான் பொறுப்பு" என்றார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல இந்த மனு எழுதப்படவில்லை.

6. எங்கள் எதிர்வீட்டில் ஜாஸ்லின் காப் என்றொரு பெண் இருக்கிறாள். சிமோனும் அவளும் சிறு வயதுத் தோழிகள்; அவளும் எட்டாம் வகுப்புதான். அவள் வீடு முழுவதும் கார்வர்டன் பக்கம். ஆகவே செப்டம்பரிலிருந்து அவள் திரு. லாம்பெர்ட்டியின் வகுப்பில்தான் இருக்கிறாள். இப்போது மாலையில் எங்கள் சமையலறையில் சிமோன் தான் கற்ற வரைக்கும் அவளுக்குச் சொல்லித் தருகிறாள். அவள் பிடித்துக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால், சோம்பேறி யார், கெட்டிக்காரி யார் என்று அந்தக் கோட்டுக்கு ஒன்றும் தெரியாது என்பது விளங்கும். சிமோனுக்குத் தெரிந்தது போன வாரம் தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

7. இந்நிலையில் பிராண்ட்வெல் சேர்க்கை அலுவலகத்திலிருந்து திருமதி விட்லாக் என்பவர் தொலைபேசியில் அழைத்தார். அன்பாகத்தான் பேசினார். "எதுக்குங்க மேல்முறையீடு, விசாரணைன்னு அலையறீங்க? கட்டிலைப் பழைய ரூம்லயே போட்டு ஒரு போட்டோ அனுப்பிடுங்க. திங்கட்கிழமையே சேத்துக்கறோம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்தது. ரோலண்டும், "என் தூக்கத்தை விடு, புள்ள படிப்புதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். சுவரில் மோதிய மனிதர் மறுபடி அந்த நாய்க்குரைப்பில் தூங்க வேண்டும் என்பதையும் விழுங்கிக்கொண்டு, நானும் சிமோனும் ஜாஸ்லினுமாகக் கட்டிலைத் தூக்கினோம்.

8. நடைக்கூடத்தில் மூச்சு வாங்கக் கட்டிலை இறக்கியபோது ஜாஸ்லின் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ் வெர்னெட்டா, அந்த ரூம்ல எனக்கும் ஓரமா கொஞ்சம் இடம் குடுங்களேன். தரையிலயே படுத்துக்கறேன். குறட்டைகூட விடமாட்டேன்." சிமோன், "பொய்! நீ விடுற குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும்" என்றாள். நானும் சிரித்தேன் ஐயா. சிரித்து முடித்தபின் கட்டிலைத் தூக்கக் குனிந்தேன்; என்னால் முடியவில்லை. கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் ஜாஸ்லின். என் மகளை அல்ஜீப்ராவுக்குள் தூக்கிவைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்ப் படுக்கப் போகிறவளும் அவள்.

9. கட்டில் நடைக்கூடத்திலேயே நிற்கிறது. சிமோன் அதில்தான் தூங்குகிறாள். தலை எந்தப் பக்கம் என்று நான் சொல்வதாக இல்லை. திரு. ஹென்ஷா விரும்பினால் மறுபடி நாடாவோடு வரலாம். இந்த முறை ரொட்டி கிடையாது.

10. ஆகவே நான் கேட்பவை:

முதலாவது, இரு மாவட்டங்களுக்கும் வரி கட்டும் வீட்டின் பிள்ளை என்ற முறையில், கட்டில் எங்கே கிடந்தாலும், சிமோனை நுழைவுத் தேர்வுக்கு முன் பிராண்ட்வெல்லில் மீண்டும் சேர்க்க உத்தரவிட வேண்டும்.

இரண்டாவது, கார்வர்டனுக்கு ஓர் அல்ஜீப்ரா ஆசிரியர் கிடைக்கும் வரை, அங்குள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிராண்ட்வெல் அல்ஜீப்ரா வகுப்பில் உட்கார அனுமதிக்க வேண்டும். பேருந்து எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. இடமில்லை என்று அவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். ஜனவரியிலிருந்து ஒரு நாற்காலியாவது காலியாக இருக்கிறது.

இரண்டாவது கோரிக்கையை எடுத்துவிட்டால் முதலாவது சுலபமாகக் கிடைக்கும் என்று எங்கள் மருத்துவமனைக்கு வரும் வக்கீல் ஒருவர், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அறிவுரை சொன்னார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். நான் எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாங்கள் முதல் கோரிக்கையை ஏற்று இரண்டாவதை மறுத்தால், மறுநாள் காலையே சிமோனை அந்தப் பேருந்தில் ஏற்றிவிடுவேன். நான் தாய், வீம்புக்காக மகளின் படிப்பைப் பாழாக்க மாட்டேன். பேருந்து தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து தங்களுக்கு அடுத்த மனுவை எழுதத் தொடங்குவேன். அதற்கும் பதில் வராவிட்டால் அதற்கடுத்ததை எழுதுவேன். எனக்குப் பணிவாக எழுதத் தெரியும், சலிக்காமலும் எழுதத் தெரியும்.

தேர்வுக்கு முன் தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

வெர்னெட்டா பெட்டிஃபோர்ட்
(சிமோனின் தாய்)

ஷரான் காப்
(ஜாஸ்லினின் தாய், எதிர்வீடு, முழுவதும் கார்வர்டன்)

இடம்: ஆல்டர் தெரு
நாள்: பிப்ரவரி 11, 2019