வீரய்யா பிணம் காக்கவில்லை

உ
கந்தப்பளை
ஐப்பசி, 1951

அன்பு மகள் சண்முகவடிவுக்கு உன் அப்பன் சடையன் சொல்லி, பேரின்பநாயகம் மாஸ்டர் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாளும் மாடும் போன மாதம் போட்ட கிடேரிக் கன்றும் சுகம். துறையூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் காலையில் பாலில்லாத சாயத்தண்ணி தொண்டையில் இறங்குகிறது. உன் கடிதத்தை மாஸ்டர் வாசித்தார். தம்பி வீரய்யா கொழும்பில் பிணம் காக்கிறானாமே, இனி அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நீ எழுதியதைக் கேட்டு உன் அம்மாள் ஒரு பாட்டம் அழுதாள், நான் சிரித்தேன், சிரித்ததற்கு வாங்கியும் கட்டிக்கொண்டேன். யார் சொன்னது என்று நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் வந்த பெண் வீட்டுச் சின்னத்தம்பிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள், நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் தோட்டத்துப் பழைய துரையின் சிபாரிசில் தம்பிக்குக் கொழும்பில் நூதனசாலையில் காவல் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான். நூதனம் என்றால் புதுசுதானே, சீமையிலிருந்து வரும் புது மெஷினெல்லாம் அங்கேதான் முதலில் இறங்கும், என் மகன்தான் அதற்குக் காவல் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நான் சொன்னது மலை தாண்டி வலப்பனை வரைக்கும் போய்விட்டது. அங்கே ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணி பழனியாண்டி. அவர் மகள் மீனம்மாவைத்தான் தம்பி மாரியம்மன் திருவிழாவில் பார்த்துவிட்டு, கட்டினால் இவள், இல்லாவிட்டால் காவடி எடுத்துக்கொண்டு கதிர்காமத்தோடு போய்விடுவேன் என்று உன் அம்மாளிடம் சொல்லியிருந்தான். அவரே தேடி வந்து பேசினால் எனக்குக் கால் தரையில் பாவுமா? தட்டு மாற்ற உட்கார்ந்துவிட்டோம். அப்போதுதான் பெண்ணின் தாய்மாமன் சின்னத்தம்பி, மெட்ராஸ் பட்டணத்தில் இருந்து வந்தவன், வாயைத் திறந்தான். "நூதனசாலையா? மியூசியந்தானே, மெட்ராஸ்ல அதுக்குப் பேரு செத்த காலேஜு. உசுரோட இருக்கறது உசுரு காலேஜு, செத்ததெல்லாம் செத்த காலேஜு" என்றான். பெண்ணின் தாய் காளியாயி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொணத்துக்குக் காவலிருக்கறவனுக்கா எம் பொண்ணு? அந்தக் கையோட வந்துல்ல சோறு பெசைவான்" என்றாள். நான் என்ன செய்வேன்? நீங்களே கொழும்புக்கு வந்து பாருங்க, ஒரு பொணம் இருந்தாலும் நானே ஒதுங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், நான் மட்டும் அந்த இடத்தைப் பார்த்தவனா?

நானும் பழனியாண்டியும் காளியாயியும் நானுஓயாவில் ரயிலேறிப் போனோம். நல்ல நாள் என்று காளியாயி வெள்ளிக்கிழமை பிடித்தாள். போனால் பூட்டிக் கிடக்கிறது. கட்டிடத்தைக் கட்டிய மரைக்காயர் கேட்டுக்கொண்டபடி வெள்ளிக்கிழமை திறப்பதில்லையாம், தம்பி ஸ்டேஷனிலேயே சொன்னான், அவள் நம்பவில்லை. "பொணத்துக்குத்தான் வெள்ளிக்கெழம ஆகாது" என்றாள். மறுநாள் போனோம். அம்மாடி, அது கட்டிடமா! பெரிய துரை பங்களாக்களை வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. கட்டுவித்த கவர்னர் துரை முற்றத்தில் சிலையாக நிற்கிறார், பழனியாண்டி பழக்க தோஷத்தில் அவருக்கு முண்டாசை அவிழ்த்துவிட்டார்.

உள்ளே ஒன்றாவது புதுசா என்று பார்க்கிறேன், எல்லாம் பழசு! துருப்பிடித்த வாள், ஓட்டைக் காசு, பேய் முகமூடி. பாக்குவெட்டியைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள், "எங்க வீட்டுது இதவிட நல்லா வெட்டும், அதக் கொண்டாந்தா சம்பளம் குடுப்பாங்களா?" என்று காளியாயி கேட்டாள். கண்டி ராசாவின் தங்கச் சிங்காசனமும் கிரீடமும் இருக்கின்றன. லண்டனுக்குக் கொண்டுபோய் வெகுகாலம் கழித்துத் திருப்பித் தந்தார்களாம். "எடுத்ததத் திருப்பிக் குடுத்தாங்களா? அப்ப அது வேற வெள்ளக்காரங்களா இருக்கும்" என்றார் பழனியாண்டி. சீனமும் தமிழும் பாரசீகமும் வெட்டிய ஒரு கல், சீனத்திலிருந்து கப்பலில் வந்ததாம், காலியில் மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். வந்த கல்லுக்கு இவ்வளவு மரியாதை, இங்கேயே பிறந்த என்னிடம் மட்டும் பிரஜாவுரிமை தர உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்கிறார்களே என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், தம்பி கண் ஜாடை காட்டினான், வாயை மூடிக்கொண்டேன்.

இதுவரைக்கும் பிணம் இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்தும்போது பார், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு. எங்கள் லயத்து வீட்டு வரிசையைப் போல நீளம். காளியாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மீனுதான் சம்மந்தி, மீனு" என்றேன். "முள்ளே இம்புட்டுன்னா இத யாரு தின்னா?" என்றாள். அடுத்தாற்போல் வைக்கோல் அடைத்த புலி. அதற்கு முன்னால் போய் மறைத்து நின்றுகொண்டேன்.

ஆனால் காரியம் கெட இருந்தது அங்கேயில்லை, சாமிகளிடம். பொலன்னறுவை மண்ணுக்குள்ளிருந்து எடுத்த நடராசர், பக்கத்தில் அம்மன், செம்பிலே அப்படி ஓர் அழகு. தீட்டுக் கழிக்க என்று மடியில் முடிந்து வந்த கற்பூரத்தைக் காளியாயி எடுத்துத் தரையில் வைத்துவிட்டாள். பழனியாண்டி நெருப்புப்பெட்டியைத் தட்டுகிறார். அந்த அறைக்குக் காவல் யார்? நம் தம்பி. தடுத்தால் பெண் போச்சு, விட்டால் வேலை போச்சு. அவன் வந்து குனிந்து கற்பூரத்தை எடுத்துக்கொண்டான். "இங்க ஏத்தக் கூடாதுங்க" என்றான். "சாமிக்குக் கற்பூரம் காட்டாதேன்னு சொல்ல நீ யாருடா?" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு சிங்களத்துப் பெரிய ஐயா வந்துவிட்டார். மொக்கத மே, என்ன இது என்று கேட்டார். தம்பி நிமிர்ந்து நின்று, "மகே நெந்தம்மா, சேர்" என்றான். மகே நெந்தம்மா என்றால் என் மாமியார் என்று வலப்பனைச் சந்தையில் காய்கறி விற்கிற காளியாயிக்குத் தெரியாதா? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெரிய ஐயா சிரித்துவிட்டு அவளுக்குக் கை கூப்பிவிட்டுப் போனார். தம்பி கற்பூரத்தை அவள் கையில் திரும்ப வைத்து, "வெளிய ஆலமரத்தடியில ஏத்துங்கத்தே, அங்க காட்டினாலும் சாமிக்குத் தெரியும்" என்றான்.

ஏற்றினாள். ரயில் ஏறியும் பேசவில்லை. எல்லாம் முடிந்தது என்று நானும் பழனியாண்டியும் ஜன்னல் வழியே மரத்தை எண்ணிக்கொண்டு வந்தோம். நாவலப்பிட்டியில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தபோதுதான் வாய் திறந்தாள். "மாமியாருக்கே மசியாதவன், எம் பொண்ண எவன் கண்ணும் படாமப் பாத்துக்குவான். தட்டு மாத்த முந்தியே முறை சொல்லிப்புட்டான், இனி இல்லேன்னா யாருக்கு அசிங்கம்?" என்றாள். பழனியாண்டி மெல்ல, "அப்ப அந்தப் பொணம், எலும்பு, தீட்டு..." என்று இழுத்தார். "அதெல்லாம் செத்து எம்புட்டுக் காலமாச்சு, தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிருக்கும், நீங்க டீயக் குடிங்க" என்றாள்.

தை மாதம் கல்யாணம், மகளே. தலைமன்னார்க் கப்பலுக்கு வேண்டிய காகிதங்களை மாப்பிள்ளையை இப்போதே பார்க்கச் சொல். வரும்போது அம்மாளின் முழங்காலுக்குப் பிண்டத் தைலம் மறக்காதே. பழசை வைத்துக்கொண்டு ஏன் நூதனசாலை என்று மாஸ்டரைக் கேட்டேன், "நூதனம் எண்டால் அதிசயம் எண்டும் ஒரு பொருள் இருக்கு, அப்பு" என்கிறார், அங்கே யாரும் கேட்டால் அப்படியே சொல். சின்னத்தம்பி மறுபடி வந்தால் சோறு போடு, இனி அவன் நமக்குச் சம்மந்தி முறை, திட்டுவதென்றால் சாப்பிட்ட பிறகு திட்டு. பிள்ளைகள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து உன் கையை வை. எல்லோரும் நூறு வருஷம் நோய் நொடியில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பன் சடையன்
(இடது பெருவிரல் ரேகை)