டிசம்பர் லீவு யாருக்கு

குவைத்
18.11.2007

அன்புள்ள மாமாவுக்கு,

அனிதா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? சிதம்பரம் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. கோபப்படாமல் படியுங்கள். என்னோடு இந்த வீட்டில் வேலை செய்யும் சிதம்பரத்து அஞ்சலாட்சியும் டிசம்பரில் லீவு கேட்டாள். ஒருத்திதான் போகலாம், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். சில நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு நானே கேட்டேன்.

"ஒனக்கு எதுக்குடி டிசம்பரே வேணும்?"

"எங்கம்மா தை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருக்கா."

எனக்கு வேண்டியது நம் பாப்பாவோடு இருப்பதுதான். அதனால் டிசம்பர் அவளுக்கு என்றும், பள்ளி விடுமுறையான மே மாதம் முழுக்க எனக்கு என்றும் பேசி முடித்தோம். அப்போது என் வேலையையும் அவளே பார்ப்பாள். இருவருக்கும் மனம் நிறைந்தது.

போன வாரம் அவள் அம்மா இறந்துவிட்டார். உடனே கிளம்ப இங்கே விடவில்லை. அழுது ஓய்ந்தபின் என்னிடம் வந்தாள்.

"இனிமே எனக்கு எதுக்குக்கா டிசம்பரு? நீயே போ."

"பேசுனது பேசுனதுதான். ஒங்கப்பா தனியா கெடக்காரு. போய்ப் பாத்துட்டு வா" என்றேன்.

அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன். வேறொன்றுமில்லை.

அவளிடம் பாப்பாவுக்கு ஷூ கொடுத்தனுப்பப் போகிறேன். பாப்பாவின் காலை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். இப்போது அவள் கால் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரம்மா கூப்பிடுகிறார்.

உங்கள்
ஆரோக்கிய அனிதா