சித்திரையில் பேரிக்காய்

அடுப்பில் பேரிக்காய் கொதித்து ஆறுகிறது. தோலைச் சீவாமல், நடுவைக் குடைந்து கற்கண்டு போட்டு, நீர் காட்டித் தந்த மாதிரியேதான் வைத்திருக்கிறேன். ஆவி குசினி யன்னலில் படிந்து வழிகிறது. வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் ஒதுக்கிவிட்ட பனிக்குவியல் கறுத்துக் கரைகிறது. பேர்ச் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. இந்த மாதத்தில் இந்த வாசம் ஒரு வீட்டிலும் எழும்பக்கூடாது. அதைச் சொன்னவரே நீர்தான். அதனால்தான் கரண்டியை வைத்துவிட்டு உமக்கு எழுதுகிறேன்.

எங்களுக்கு மேல்மாடியில் இருந்த சிநேகிதி நீர். நகரத்துச் சீனச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் மரக்கறி வெட்டுகிற வேலை. சமையற்காரரின் மனைவிக்கும் உமக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வேஜிய மொழி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே அந்த மனிசியிடம் ஒரு சாத்திரத்தையே கேட்டு முடித்திருந்தீர். காலத்துக்கு ஓர் உறுப்பு, உறுப்புக்கு ஒரு நிறம், ஒரு சுவை. வசந்தத்தில் ஈரலுக்குப் பச்சை இலைகள். கோடையில் இதயத்துக்குக் கைப்பு. அதைக் கேட்டதும் பாகற்காயை நினைத்து எனக்குச் சந்தோசம். இலையுதிர்காலத்தில் காற்று வரளும், நுரையீரல் காயும், ஆகவே வெள்ளை: முள்ளங்கி, பேரிக்காய். குளிர்காலத்தில் சிறுநீரகத்துக்குக் கறுப்பு: எள்ளு, கறுத்த அவரை.

"எங்கடை சூடு குளிர்ச்சிதான். அவையள் அதுக்குப் பஞ்சாங்கம் எழுதி வைச்சிருக்கினம், அவ்வளவுதான்" என்பீர்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். எதையும் தேடி வாசித்துப் பார்த்த பிறகுதான் மனம் ஒப்பும். இதையும் வாசித்தேன், நீர் சொன்னது போலத்தான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் விரதச் சாப்பாட்டுக்குள் வேறு சனத்தின் சாத்திரம் புகுவது முருகனுக்குப் பொருந்துமா என்று ஒரு யோசனை.

"முருகனும் மலையிலை, சீனத்துச் சாமியளும் மலையிலை. எங்களுக்கு முதலே கதைச்சு முடிச்சிருப்பினம், நீர் பேசாமல் சாப்பிடும்" என்றீர். அன்றிலிருந்து என் வீட்டிலும் மாதம் பார்த்துத்தான் உலை வைத்தேன். கேட்கவே நன்றாக இருக்கும் ஒன்றை நீர் அடிக்கடி சொல்வீர்: "உடம்புக்குத் தன்ரை மாதம் தெரியும். தெரியாமல் போனால்தான் பயப்பிட வேணும்."

அந்த ஐப்பசியில் உமக்கு வரட்டு இருமல் வந்தது. ஐப்பசியில் வருகிற இருமல்தானே என்று பேரிக்காய் காய்ச்சிக் குடித்தீர். கேட்டது. மெய்யாகவே கேட்டது; தொண்டை நனைந்து நித்திரை கொண்டீர். அடுத்து கந்தசஷ்டி வந்தது. பகல் முழுக்கப் பட்டினி, பொழுதுபட அந்தப் பேரிக்காய்த் தண்ணீர். சூரன்போர் அன்று கோயிலில் உம்மைக் கண்டவர்கள் எல்லாம் ஒரே கதைதான். "விரதம் பிடிச்ச முகம், என்ன ஒரு ஒளி." நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் சனத்துக்கு அந்த மாதத்தில் மெலிந்த முகம் என்றால் அது பக்தி. வேறு எதுவாகவும் அது கண்ணுக்குத் தெரியாது.

பாறணையோடு விரதம் முடிந்து, மற்ற எல்லாருக்கும் சதை திரும்ப வந்தது. உமக்கு வரவில்லை.

மார்கழியில் நீர் எள்ளுக்கு மாறவில்லை. வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு மற்ற வீட்டுக் குசினியிலும் எது கூடுது, எது குறையுது என்று கண் போகும். மாசியிலும் பேரிக்காய். பங்குனியிலும் பேரிக்காய். கேட்டால் கதையை மாற்றுவீர். பிறகு அந்த மே பதினேழு, இந்த நாட்டின் தேசிய நாள். கீழே பிள்ளைகள் கொடியோடும் வாத்தியத்தோடும் ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உமக்குச் சேலைக்கு ஊசி குத்திவிட மேலே ஏறி வந்தேன். கதவைத் திறந்ததுமே வாசம்.

"என்னப்பா, வைகாசியிலை பேரிக்காய்?"

"கடையிலை மலிவாக் கிடந்தது."

"நீர் மலிவுக்கு மாதத்தை மாத்துற ஆளில்லை."

"கணக்குப்பிள்ளை வந்திட்டா. நான் என்ன செய்ய, வைகாசி பிறந்தாலும் இருமல் இன்னும் ஐப்பசியிலைதானே நிக்குது" என்று சிரித்தீர். சிரிப்பு இருமலாகி, நீர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர். முதுகுப் பக்கம் சட்டையைப் பிடித்துப் பார்த்தேன். மடித்து ஊசி குத்த, என் கை நிறையத் துணி வந்தது. கீழே மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

வைத்தியரிடம் போகச் சொன்னேன். "ஓம், ஓம், கோடை வரட்டும். வெயில் பட்டால் எல்லாம் காய்ஞ்சிடும்."

கோடை வந்தது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நுரையீரலில் இருந்தது அதற்குள் இடம் பிடித்து, பரவி, தன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதலே நீர் போய்விட்டீர். முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று பனி கொட்டியது. லோறென்ஸ்கூக்கில் இருக்கிற உம்முடைய மகன் ஒரு போத்தல் கொண்டு வந்தான். குளிர்காலம் வந்தால் இந்த முறையாவது சாப்பிடவேண்டும் என்று நீர் வாங்கி வைத்த கறுத்த எள்ளு. ஐயர் கேட்டபோது அதைத்தான் அவன் தண்ணீரோடு இறைத்தான்.

பேரிக்காயில் பிழை சொல்லமாட்டேன். அது தன் வேலையைச் செய்தது. தொண்டையை ஆற்றி வைத்தது. உள்ளே இருந்து கூப்பிட்ட சத்தம் எங்களுக்குக் கேட்காமல் போனது அதனால்தான்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். என் மனிசன், இவர், போன ஐப்பசியில் இருமத் தொடங்கினார். பஸ் ஓட்டுகிற ஆள், குளிர்காற்று, தூசு என்று நினைத்தோம். நானும் பேரிக்காய் காய்ச்சிக் கொடுத்தேன், நல்லாய்த்தான் கேட்டது. மார்கழியோடு நிறுத்தினேன். இன்று காலமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி சொல்கிறார்:

"இஞ்சாரும், அந்தப் பேரிக்காய்த் தண்ணி கொஞ்சம் காய்ச்சித் தாருமன். நெஞ்சுக்குள்ளை கீறுது."

என் கை தன்பாட்டில் காய்ச்சத் தொடங்கிவிட்டது. வாசம் எழும்பினபோதுதான் உம்முடைய கதவடியில் நிற்பது போல இருந்தது. அடுப்பை நிற்பாட்டினேன். அவருடைய இடுப்புப் பட்டியைப் பார்த்தேன். புதிதாக ஒரு துளை, ஆணியால் குத்தினது.

"முதல் வைத்தியருக்குப் போன் அடியுங்கோ. பிறகுதான் தண்ணி."

"ஒரு கோப்பைத் தண்ணிக்கு வட்டியும் கேக்கிறீரோ? இது பஸ் தூசு."

"ஐப்பசித் தூசு சித்திரை மட்டும் நிக்காது. அடியுங்கோ."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பகிடி விடவில்லை. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். நாளைக் காலமையே வரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுவிட்டு உடனே படம் எடுக்க அனுப்புவார்களாம். அப்படி அவசரப்படுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அறைக்குள் இருமுகிறார். எனக்குக் கேட்கக்கூடாது என்று தலையணைக்குள் இருமுகிறார். நான் சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

வேலைக்குக் கொண்டுபோகிற உம்முடைய சுடுதண்ணிப் பிளாஸ்க்கை உம்முடைய மகன் எனக்குத் தந்தவன். மூடியில் நீர் கடையில் ஒட்டின சிவப்பு நாடா இன்னும் இருக்கிறது. நாளைக்கு அதைத்தான் கையில் கொண்டு போகிறேன். அதற்குள் வெறும் சுடுதண்ணீர். பேரிக்காயைச் சட்டியோடு எடுத்துக் கொட்டிவிட்டேன். அது இனி ஐப்பசிக்கு. அந்த ஐப்பசியில் இவர் வந்து என்னிடம் அதைக் கேட்கவேண்டும்.