வெறும் மணிக்கட்டு

மாசி 3, திங்கள்
விடியலிலிருந்து மழை. மரவள்ளி பிடுங்க முடியவில்லை. குடையில்லாமல் பள்ளிக்கூடம். சப்பான்காரன் உத்தரவுப்படி அவன் பாட்டைச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

தம்பி இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. தாடி வேறு. சிங்கப்பூரில் டாக்டர் படிப்பு, மூன்றாம் வருஷம். சண்டையில் காலேஜை மூடினதிலிருந்து இங்கே ஊரில், கஜா பெராங் வீடே கதி. அம்மாவுக்குப் பெருமை: "மாசி மகத்துக்கு விரதம் இருக்கான், நச்சரிக்காதே." ஒரு வாய் மிச்சம் என்று நானும் சும்மா இருந்தேன்.

மாசி 4, செவ்வாய்
உப்பு இல்லை. சோப்பு இல்லை. வகுப்பில் 19 பேர், இருவருக்குக் காய்ச்சல்.

எதிர்வீட்டு அண்ணன், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெசர், வழிமறித்தார். தம்பி புத்தகங்களை எல்லாம் அவரிடம் கொடுத்துவிட்டானாம். "இனிமே எனக்கு வேணாம்ணேன்னான். எனக்கென்னமோ சரியாப் படல, டீச்சர்."

பஞ்சத்திலும் விற்க விடாத புத்தகங்கள்.

மாசி 5, புதன்
கிணற்றடியில் அவன் கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். மணிக்கட்டில் காப்பு இல்லை. கோயிலில் காப்புக் கட்டி ஐந்து நாள். விரதக்காரன் கையில் மஞ்சள் நூல் இல்லாமலா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு... டீச்சராம். முட்டாள்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "செத்துப்போகணும்னு நெனைக்கிறியாடா?"

ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். பிறகு, "ஆமாக்கா."

குண்டு விழுந்த அன்று ஹாஸ்டல் சிநேகிதனுக்கு இவன்தான் கட்டுப்போட்டானாம். ரத்தம் நிற்கவில்லை. "படிச்சதெல்லாம் வீண்க்கா." ஒரு வருஷமாக உள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

புத்தி சொல்லவில்லை. கூட உட்கார்ந்து அழுதேன். பெட்டியில் ஒளித்து வைத்திருந்த மருந்துப் புட்டியை அவனே எடுத்துக் கொடுத்தான். டிரெசர் அண்ணனிடம் சேர்த்தாயிற்று. எழுத்தெல்லாம் கோணல்.

மாசி 6, வியாழன்
லீவு. அம்மாவிடம் சொன்னோம். அழுது தீர்த்தாள், பிறகு தன் பாயை அவன் பாயோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். டிரெசர் அண்ணன் தினம் இரண்டு வேளை வருகிறேன் என்றார்.

மஞ்சள் நூல் எடுத்து நானே தம்பி கையில் கட்டினேன். பூசாரி இல்லை, மந்திரம் இல்லை.

"காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது, தெரியும்ல?"

"எப்பக்கா அவுப்பே?"

"நான் சொல்றப்ப."

மாசி 9, ஞாயிறு
வெயில். நேற்று மகம் முடிந்தது. இன்று கோயிலில் எல்லாருக்கும் காப்பு அவிழ்த்தார்கள். தாடியை மழித்துக்கொண்டு வந்து தம்பியும் என் முன்னால் கையை நீட்டினான்.

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.