விளாவாத தண்ணீர்

என் கண்ணான ஞானம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு நா எழவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நீ. என் எழுத்தைப் பார்த்து, கோழி கிளறின குப்பை என்று சிரித்தவளும் நீதான். இன்னும் அப்படித்தான் இருக்கிறது, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் நல்ல சேதி. இந்தக் கோடையில் மாரிகுப்பத்துக்கு மறுபடி வாந்திபேதி வந்தது. நம் சுரங்கக் குடியிருப்பில் முன் லைனிலும் பின் லைனிலும் அழுகைச் சத்தம் கேட்டது. நம் லைனில் ஒரு மூங்கில் தட்டி வீட்டில்கூட யாரும் படுக்கவில்லை. கைக்குழந்தைகள்கூடத் தப்பின. எல்லாம் உன்னால்தான் ஞானு! எனக்கு இருக்கிற பெருமைக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

சுரங்க டிஸ்பென்சரியைப் பெருக்கப் போன நீ, அங்கே கம்பவுண்டர் சொன்னதைக் கேட்டுவந்து வீடு வீடாக நின்றாயே, நினைவிருக்கிறதா? "தண்ணியக் கொதிக்க வெச்சிக் குடிங்கக்கா, வாந்திபேதி தண்ணியிலதான் வருதாம்" என்று. யார் கேட்டார்கள்? காய்ச்சின தண்ணீர் பிள்ளை பெற்றவளுக்குத்தான் என்று நம் சனங்களுக்கு எண்ணம். பாறை உடைக்கிற ஆம்பிளை அதைக் குடித்தால் மானம் போய்விடுமாம். உன் அண்ணனே நீ நிரப்பிக் கொடுத்த பாட்டிலைத் தள்ளிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். "இன்னா ஞானு, நான் இன்னா புள்ளையா பெத்துக்கினு வந்துகீறேன்?"

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனாலும் உன் பிடிவாதத்துக்குப் பயந்து வீட்டில் காய்ச்ச ஆரம்பித்தேன். லைனிலேயே காய்ச்சிய தண்ணீர் குடித்தவள் நீ ஒருத்திதான்.

போன வருஷம் அதே நோயில் நீ போய்விட்டாய். விடிந்தபோது நன்றாக இருந்தவள், விளக்கு வைக்கும்போது இல்லை. கல்லறையிலிருந்து திரும்பின ஈரம் காய்வதற்குள் எதிர்வீட்டு முனியம்மா என் முகத்துக்கு நேரே கேட்டாள். "காய்ச்சிக் குடிச்சவளே பூட்டா. காய்ச்சாத நாங்க குத்துக்கல்லாட்டம் கீறோம். இன்னாத்துக்கு வெறகக் கொளுத்தணும்?"

நீ போன துக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. நம் ஞானு பொய்யையா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள்?

விடை அந்த முனியம்மா வீட்டிலேயே கிடைத்தது. அவள் மகள் பிள்ளை பெற்றிருந்தாள், பார்க்கப் போனேன். முனியம்மா வழக்கப்படி மகளுக்குத் தண்ணீர் காய்ச்சி இறக்கினாள். அது வாயில் வைக்க முடியாத சூடு. உடனே பக்கத்துப் பானையிலிருந்து ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள், குளிக்க விளாவுகிற மாதிரி.

நானும் தினமும் அதைத்தானே செய்தேன்? நீ டிஸ்பென்சரியிலிருந்து தொண்டை வறண்டு வருவாய். வாசலிலிருந்தே "அண்ணி, தண்ணி" என்பாய். பிள்ளை வாய் வெந்துபோகுமே என்று விளாவித்தான் உன் கையில் கொடுத்தேன். நீ காய்ச்சச் சொன்னாய். ஆற வைக்க வேண்டும் என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நேரே கம்பவுண்டரிடம் ஓடினேன். "காய்ச்சின தண்ணியில கொஞ்சூண்டு பச்சத்தண்ணி கலந்தா இன்னா ஆவுங்க?"

"காய்ச்சாத மாதிரிதாம்மா" என்றார். அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

பிறகு எழுந்தேன். மூடி மறைத்தால் என் பெயர் பிழைக்கும், உன் பெயர் அழியும். முனியம்மா வாசலிலேயே போய் நின்றேன். "ஞானு சொன்னதுல தப்பே இல்லக்கா. வெளாவிக் குடுத்த என் கையிலதான் தப்பு" என்றேன். முனியம்மா உள்ளே போனாள். மகளுக்கு விளாவி வைத்திருந்த சொம்பை எடுத்துவந்து வாசலில் கவிழ்த்தாள்.

இப்போது நம் லைனில் சாயந்திரம் சோறு வடித்த அடுப்பிலேயே தண்ணீர் கொதிக்கும். மூடி வைத்து மறுநாள்தான் குடிப்போம். ஆறிய பானைக்குச் சுண்ணாம்புப் பொட்டு. அதில் பச்சைத் தண்ணீர்ச் சொம்பை விட்டு யாராவது முனியம்மாவிடம் மாட்டினால் தெரியும் சேதி! பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வரப்போகிறதாம். வரட்டும், அதையும் காய்ச்சுவோம்.

உன் அண்ணனிடமும் சொன்னேன். இரண்டு நாள் அவர் வெறும் கையோடு ஷிஃப்டுக்குப் போனார். மூன்றாம் நாள் அவராகவே பொட்டு வைத்த பானையிலிருந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டார். ஷாஃப்டில், சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜ் கூண்டுக்காக நிற்கும்போது கூட்டாளிகள் கேட்டிருக்கிறார்கள். "இன்னாடா, புள்ள பெத்தவ தண்ணியா?"

"எந்தங்கச்சி ஞானம்மா தண்ணிடா. நீயும் குடி."

இதை என்னிடம் சொல்லிவிட்டு, காலி பாட்டிலை மறுபடி நிரப்பப் போனார்.

போன வாரம் ஆம்பூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி சொம்போடு வந்து நின்றாள். "அக்கா, ஞானம்மா தண்ணி இருந்தா ஒரு சொம்பு குடுங்க. எங்க பானை இன்னும் ஆறல."

நீ யாரென்றே அவளுக்குத் தெரியாது. காய்ச்சி ஆறின தண்ணீருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர் என்று நினைத்திருக்கிறாள். உட்கார வைத்து உன்னைப் பற்றிச் சொன்னேன். விளாவினது யார் என்பதையும் சொன்னேன்.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் இதை லைன் முழுக்கக் கேட்கப் படிக்கப்போகிறேன். இனி இங்கே வாழ வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும், என் கையை மறைக்காமல் உன் கதையைச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, தங்கமே.

ஆற வைக்கக் கற்றுக்கொண்ட
உன் அண்ணி,
சலோமி